"காமெடி எப்ப வரும்?"

இன்று மதியம் ஜெர்சி சிட்டி வீடியோ கடையில் ஒரு கேசட் எடுத்தேன். ஒற்றை மைக்கோடு மேடையேறி அரங்கத்தையே அதிரவைக்கும் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ஒருவரின் படம். பத்து வருடமாக ஹாலிவுட் அவருக்குக் கொடுத்தது வெள்ளைக்கார ஹீரோவின் நண்பன் வேடம்தான். இதில் முதல்முறையாக அவரே ஹீரோ, மகனைப் பறிகொடுத்த அப்பா.

கேசட் காமெடி அலமாரியில் இருந்தது. "தப்பா வச்சிருக்கீங்க" என்றேன்.

"அவர் காமெடியன்தானே?" என்றார் கடைக்காரர்.

வீட்டில் ரூம்மேட் கணேசன் ரிமோட்டோடு உட்கார்ந்தான். தமிழ்ப் படத்திலேயே காமெடி டிராக்கை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்ப்பவன்.

"காமெடி எப்ப வரும்?"

"அவர்தான்டா ஹீரோ."

"அப்ப காமெடி யாரு பண்றா?"

குக்கரை இறக்கிவிட்டு வருவதற்குள், அப்பா மகனின் உடலை அடையாளம் காட்டுவதையும் கோர்ட்டையும் ஃபார்வர்ட் பண்ணி முடித்திருந்தான். நான் குளிக்கப் போன நேரத்தில் கேசட்டைக் கடையில் திருப்பியும் கொடுத்துவிட்டான்.

"சிரிப்பே வரலடா. ஏமாத்திட்டாங்க."

போன வாரம் இதே மெயிலிங் லிஸ்டில் காமெடியன்களை ஹீரோவாக்காத ஹாலிவுட் தயாரிப்பாளர்களைக் கிழித்து எழுதியிருந்தேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவர்களில் ஒருவன் என் சோபாவிலேயே இருக்கிறான்.

முழுப்படமும் பார்த்தவர்கள் யாராவது எழுதுங்கள்: அந்த அப்பாவுக்கு நியாயம் கிடைத்ததா?