படங்குக்குக் கீழே பனம்பழம்

நான் பயந்தவன். லொறி ஓட்டிப் பிழைத்தவன் இப்படிச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மன்னாரிலிருந்து வவுனியாவுக்குக் கருவாடு ஏற்றி ஓடிய காலம் முழுவதும் அந்தக் காட்டு வழி எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தீவில் பிறந்தவனுக்குக் கடல் தெரியும், மணல் தெரியும், காற்று எப்போது குணம் மாறும் என்று தெரியும். பாலத்தைத் தாண்டி, மடு வீதிச் சந்தியும் கடந்து, இரண்டு பக்கமும் காடு வந்து ஒட்டிக்கொண்டால் எனக்கு உள்ளங்கை வியர்க்கத் தொடங்கிவிடும். ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டுவேன்.

என்னோடு கிளீனராக வந்தவர் முருங்கன் பக்கத்து வயற்காரர். வயலில் வேலையில்லாத மாதங்களில் லொறிக்கு வருவார். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்றாலும் மரியாதை போட்டுத்தான் கதைப்பார். நக்கல் மட்டும் மரியாதை பார்க்காது. “தம்பி, பயம் வந்தால் ஹோனை அடியுங்கோ. காட்டுக்கும் ஒருக்காத் தெரியட்டும்” என்பார். காட்டுக்குள் யானை என்ற சொல்லை வாயில் எடுக்கவே விடமாட்டார். பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடுவாராம்.

அவருடைய மனைவி முருங்கனில் வீதிக்கு வந்து சோற்றுப் பார்சல் தருவார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருக்கும். “இவரைக் கவனமாக் கொண்டந்து விடுங்கோ தம்பி” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். “அவர்தான் அக்கா என்னைக் கொண்டு வந்து விடுகிறவர்” என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். அன்றைக்கும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

அது ஆவணி மாதம். தீவெங்கும் பனம்பழம் விழுந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் எங்களில் ஒருவரும் சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை. தீவை விட்டு வெளியே போகிற எந்த வாகனத்திலும் ஒரு சாக்குப் பனம்பழம் ஏறிவிடும். வவுனியாவில் கட்டிக்கொடுத்திருந்த தன் தமக்கைக்கு என்று என் மனைவியும் ஒரு சாக்குக் கட்டித் தந்திருந்தாள். கருவாட்டுக்குக் கீழே வைத்தால் நசிந்துவிடும் என்று எல்லாவற்றுக்கும் மேலே வைத்துப் படங்குச் சீலையை இழுத்து மூடிவிட்டேன். அண்ணையிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. சோற்றுப் பார்சல் இருக்கிறது, தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொண்டு திரிவதில்லையே. அவருக்கும் அந்த வாசம் எட்டவில்லை. வெயிலில் வெந்த கருவாட்டு லொறியில் மனித மூக்குக்கு வேறெதுவும் எட்டாது. எங்கள் தீவில் பனம்பழத்தைத் தேடி வருவது மாடும் கழுதையும்தான். வேறு எது வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

செட்டிகுளத்துக்கு இன்னும் தூரம் கிடக்கையில் பின் சில்லில் காற்றுப் போய்விட்டது. உச்சி வெயில். வீதியில் ஒரு குருவியும் இல்லை. லொறியை ஓரமாக நிறுத்தி, ஜக்கை வைத்துத் தூக்கிச் சில்லைக் கழற்றினோம். கரை மண் இளகலாக இருந்ததால் ஜக்கு ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியது. ஜக்குக்கு அண்டையாக முட்டுக் கொடுப்பதற்காக அண்ணை பலகைத் துண்டோடு லொறிக்குக் கீழே ஊர்ந்து போனார். கயிறு தளர்ந்திருந்ததைக் கண்டு அதை இறுக்குவதற்காக நான் சுமைக்கு மேலே ஏறினேன்.

கயிற்றை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கண்டேன். பின்னால், வீதியின் நடுவில் நின்றது. எப்போது வந்தது, எந்தப் பக்கத்தால் வந்தது, ஒன்றும் தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சுள்ளியைக்கூட முறிக்காமல் வந்திருந்தது.

“ஆனை!” என்று கத்திவிட்டேன்.

“பேர் சொல்லாதேங்கோ!” கீழேயிருந்து அவர் குரல் வந்தது. பிறகு மெல்ல, “எங்க நிக்கிறார்?”

“பின்னால. கிட்ட வாறார். வெளியில வாங்கோ அண்ணை.”

“ஏலாது. என்ர இடுப்புச் சாரம் பலகைக்குக் கீழ மாட்டுப்பட்டுப் போச்சு. அசைஞ்சால் ஜக்கு விழும். சும்மா இருங்கோ, போயிடுவார்.”

போகவில்லை. லொறியின் பின்பலகையில் வந்து முட்டி நின்றது. தும்பிக்கை மேலே வந்து, படங்கின் ஓரத்தைத் தடவி, கயிற்றைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தது. லொறி ஆடியது. கீழே ஜக்கு கிறீச்சென்று முனகியது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. இன்னொரு இழுவை இழுத்தால் கருவாடும் இரும்பும் எல்லாமாகச் சேர்ந்து அந்த மனிதரின் நெஞ்சில் இறங்கும். முருங்கன் வீதியில் நின்ற அந்தப் பெண்ணின் முகம்தான் முன்னால் வந்தது. என்னவென்று போய்ச் சொல்வேன்?

“மேல என்னத்தைத் தேடுறார்?” என்று கேட்டார் அண்ணை. “கருவாட்டை அவர் மணந்தும் பாக்க மாட்டாரே.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“அண்ணை... பனம்பழம். ஒரு சாக்கு.”

கீழேயிருந்து பதில் உடனே வந்தது.

“எறியுங்கோ. தூர எறியுங்கோ. கிட்டப் போட்டிடாதேங்கோ.”

படங்கை விலக்கி, சாக்கைப் பிரித்து முதல் பழத்தை எடுத்தேன். அவசரத்தில் அது வழுக்கி, லொறியில் பட்டு, சில்லுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. யானை திரும்பியது. தும்பிக்கை லொறிக்குக் கீழே நீண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர ஒரு செபமும் வாயில் வரவில்லை. கீழேயிருந்து வேறொரு முணுமுணுப்புக் கேட்டது. “பிள்ளையாரப்பா, உங்கட ஆள்தானே. என்னை விட்டிட்டுப் பழத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கோ.” அவருக்கு அந்த நேரத்திலும் அப்படித்தான் கதைக்க வரும். ஆனால் குரல் அவருடைய குரலாக இல்லை.

பழத்தை மட்டும்தான் எடுத்தது. வாய்க்குள் போட்டுச் சாறு ஒழுக ஒழுக, அவசரமே இல்லாமல் சப்பியது. எனக்கு அதன்மேல் ஆத்திரம் வந்தது. இங்கே ஒரு உயிர் கிடந்து துடிக்கிறது, உனக்கு விருந்தா என்று திட்ட வேண்டும் போலிருந்தது. திட்ட யாருக்குத் துணிவு வந்தது?

அடுத்த பழத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்து எறிந்தேன். வீதியில் விழுந்து உருண்டது. யானை அதன் பின்னால் போனது. அதற்கடுத்ததை இன்னும் தூரத்தில் எறிந்தேன். தோள்மூட்டு கழன்றுவிடும் போல நோவெடுத்தது. சாக்கு மெலிந்துகொண்டே வந்தது. “அண்ணை, முடியப்போகுது, கெதியா வாங்கோ” என்று நான் அழாத குறையாகக் கெஞ்சினேன். கீழே அவர் கையால் மண்ணைத் தோண்டுகிற சத்தம் கேட்டது. கடைசியில் சாரத்தை அவிழ்த்து அங்கேயே விட்டுவிட்டு, கோவணத்தோடு மறுபக்கத்தால் ஊர்ந்து வெளியே வந்தார். முன்பக்கத்தால் ஏறி மேலே வந்தவரை நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

சாக்கில் பழம் முடிந்திருந்தது. யானை திரும்பி வந்தது. நெற்றியை வைத்து லொறியை ஒரு தடவை தள்ளியது. ஜக்கு தெறித்தது. இடி விழுந்தது போலப் பின்பக்கம் நிலத்தில் இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு யானையே வெருண்டு காட்டுக்குள் போய்விட்டது.

நாங்கள் இறங்கவில்லை. ஒரு நெல்லு லொறி வந்து, அதிலிருந்தவர்கள் இறங்கி நின்று கூப்பிடும்வரை அங்கேயே இருந்தோம். எல்லோருமாகச் சேர்ந்து லொறியைத் தூக்கியபோது, அவர் கிடந்த இடத்தில் அச்சு மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. சாரம் அதற்குக் கீழே நசுங்கியிருந்தது. அண்ணை குந்தியிருந்து அதையே பார்த்தார். நக்கல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பழம் மனைவியின் தமக்கைக்கு என்று வழியில் அவருக்குச் சொன்னேன். என்னுடைய மாற்றுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஊர் எல்லையில்தான், “மச்சாளுக்கு என்ன சொல்லப் போறியள்?” என்று கேட்டார். “பெரியவர் வழியில மறிச்சு வாங்கிப்போட்டார் எண்டு சொல்லுவன்” என்றேன். அவர் சிரித்தார். நான் அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகும் அவர் என்னோடு வந்தார். மழை தொடங்கப் போகிற நேரம் அதே காட்டு வழியில் இன்னொரு சில்லுப் போனது. இறங்கி ஜக்கை எடுத்தவர், எதுவும் நடக்காதது போல மண்ணில் சாய்ந்து உள்ளே போகப் பார்த்தார். நான் அவருடைய தோளைப் பிடித்து இழுத்தேன்.

“எழும்புங்கோ அண்ணை. நான் போறன்.”

“உங்களுக்குப் பயமெல்லோ?”

“ஓம், பயம்தான்” என்றேன். “மேல நிண்டு பாக்கிறது இன்னும் பயம்.”

அவர் சுமைக்கு மேலே ஏறினார். நான் பலகையை எடுத்துக்கொண்டு லொறிக்குக் கீழே ஊர்ந்து போனேன்.