மூன்றாவது வரியில் ஒரு தவறு

முதல் நாள் சில்வியா வகுப்பறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் பதினாலு பேரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். புதிதாக வந்த பேராசிரியை என்று நினைத்துவிட்டார்கள். அவள் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, நேரே கடைசி பெஞ்சில் போய் அமர்ந்தபோதுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. மெல்ல ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. அதில் கேலி இல்லைதான். ஆனாலும் அவளுக்குக் காது மடல் சுட்டது.

வயது நாற்பத்தேழு. ராயபுரத்துக்காரி. இருபத்தாறு வருஷமாகத் திருவொற்றியூரில் ஓர் எடைமேடையில் வேலை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் மேடைமேல் ஏறி நிற்கும். திரையில் தெரியும் எடையைப் பார்த்துச் சீட்டு போட்டுக் கொடுக்க வேண்டும். பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு அவளுக்கு எம்.எஸ்சி.க்கும் இடம் கிடைத்திருந்தது. அந்த ஜூன் மாதம் அப்பா படுத்த படுக்கையானார். தம்பிகள் இருவரும் பள்ளிக்கூடத்தில். அடுத்த வருஷம் சேர்ந்துகொள்ளலாம் என்றுதான் எடைமேடைக்குப் போனாள். அந்த அடுத்த வருஷம் வந்து சேர இத்தனை காலம் பிடித்தது.

மகள் ரோசி வேலை கிடைத்து ஓசூருக்குப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பும் வழியில், கணவன் பாஸ்கலிடம் எம்.எஸ்சி. ஆசையைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சினைக் கவனிப்பவன் அவன். இதை ஏன் இவ்வளவு நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாய் என்று மட்டும் கேட்டான். வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரியில் மதியத்துக்கு மேல் வகுப்பு. ஆறு மணியிலிருந்து ஒரு மணிவரை எடைமேடை, பிறகு எலக்ட்ரிக் டிரெயின் என்று ஏற்பாடாயிற்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பாஸ்கல் பொறுப்பேற்றுக்கொண்டான்.

முதல் உள்தேர்வில் இருபத்தைந்துக்கு நாலு மதிப்பெண். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வியாசர்பாடி மகிழினிக்கு இருபத்தொன்று. இருபத்தொரு வயதுப் பெண். தன் நோட்டைத் தருவதாக அவள் தாழ்ந்த குரலில் சொன்னபோது சில்வியாவுக்கு இன்னும் அவமானமாக இருந்தது. வகுப்பில் எதுவும் பிடிபடாமல் இல்லை. பிடிபட்டது சரிதானா என்ற சந்தேகம்தான் அவளை அரித்தது. எழுதிய விடையை அடிப்பாள், மறுபடி எழுதுவாள், அதற்குள் நேரம் முடிந்துவிடும். மூளை துருப்பிடித்துவிட்டது, இனி தேய்த்தாலும் போகாது என்று முடிவு கட்டினாள். படிப்பை நிறுத்திக்கொள்வதாக விண்ணப்பம் எழுதப்போவதாகப் பாஸ்கலிடம் சொன்னாள்.

அவன் குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டான். "கணக்கு வரலையா, வுட்டுடு. வயசாய்ச்சுன்னு மட்டும் வுடாத. எனக்கும் அம்பது ஆவுது. இன்ஜின்ல புச்சா ஒரு பார்ட் வந்தா, நான் இன்னா வூட்டுக்கா வந்துடறேன்?"

ஆனாலும் அவள் விண்ணப்பத்தை எழுதி எடுத்துக்கொண்டு மறுநாள் கல்லூரிக்குப் போனாள். துறைத் தலைவர் விடுப்பில் இருக்கிறார், வியாழக்கிழமைதான் கையெழுத்து கிடைக்கும் என்றார்கள். அன்று செவ்வாய்.

புதன்கிழமையும் வகுப்புக்கு வந்தாள். அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். விமல் சார் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். எழுதுவதில் படு வேகம். ஒரு தேற்றத்துக்கான நிரூபணத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். எல்லோரும் நகலெடுத்தார்கள். மூன்றாவது வரியில் சில்வியாவின் பேனா நின்றது. ஓர் எண் இன்னோர் எண்ணைவிடச் சிறியது, ஆகவே அதன் வர்க்கமும் சிறியது என்று எழுதியிருந்தார்.

தனக்குத்தான் புரியவில்லை என்று முதலில் நினைத்தாள். சார் எழுதியது தப்பாக இருக்குமா? பதினாலு பேரும் எழுதிக்கொண்டிருக்கிறார்களே?

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. எடைமேடையில் திரை ஏடாகூடமாக ஓர் எண்ணைக் காட்டினால் அவள் ஒருநாளும் தன் கண்ணைச் சந்தேகப்பட்டதில்லை. லாரியை இறக்கச் சொல்வாள், திரை பூஜ்யத்துக்கு வருகிறதா பார்ப்பாள், மறுபடி ஏற்றுவாள். ஓட்டுநர் எத்தனை சத்தம் போட்டாலும் சரிபார்க்காமல் சீட்டு தரமாட்டாள். இங்கே மட்டும் ஏன் முதல் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறாள்? நோட்டின் ஓரத்தில் இரண்டு எண்களைப் போட்டுப் பார்த்தாள். இன்னும் இரண்டு. மூன்றாவது முறையும் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"சார், அந்த மூணாவது லைன்ல ரெண்டும் பாசிட்டிவ்னு எங்கியும் சொல்லல. மைனஸ் அஞ்சு, ரெண்டவிட சின்னது. ஸ்கொயர் பண்ணா இருபத்தஞ்சு. அது நாலவிட சின்னதாவாதே, சார்."

விமல் சார் பலகையைப் பார்த்தபடி நின்றார். பிறகு டஸ்டரை எடுத்து அந்த வரியையும் அதற்குக் கீழே இருந்த அத்தனையையும் அழித்தார்.

"ஆமா. என் தப்பு. இதுக்கு மேல எதுவுமே நிக்காது. நீங்களே வந்து சரி பண்ணுங்க," என்று சாக்பீஸை நீட்டினார்.

சில்வியா சாக்பீஸை வாங்கிக்கொண்டு மேடையேறினாள். எண்கள் குறை எண்களாக இல்லாவிட்டால் ஒரு வழி, குறை எண் வந்தால் வேறு வழி என்று பிரித்துக்கொண்டாள். முதல் பாதியை விறுவிறுவென்று முடித்தாள். இரண்டாவதில் நடுவில் சிக்கிக்கொண்டாள். மகிழினி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு யோசனை சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை முடித்துவிட்டு இறங்கினாள். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அவள் எழுதியதை நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டேஷனில் டிரெயினுக்குக் காத்திருந்தபோது விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்தாள். அதன் வெற்றுப் பக்கத்தில் அதே நிரூபணத்தை, பார்க்காமல், முதலிலிருந்து எழுதிப் பார்த்தாள். டிரெயின் வருவதற்குள் முடிந்திருந்தது. வியாழக்கிழமை துறைத் தலைவரின் அறைக்குப் போனாள். பழைய வினாத்தாள்கள் கிடைக்குமா என்று கேட்டு வாங்கி வந்தாள்.

ஒரே நாளில் அவள் மேதாவியாகிவிடவில்லை. ஒரு பக்கத்தைப் படிக்க அவளுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. ஆனால் இப்போது சந்தேகம் வந்தால் அதை வரியின்மேல் வைத்தாள்: இது எதனால் சரி, எங்கே உடையும்? விடை கிடைத்த வரியை அப்புறம் அடிப்பதில்லை. அடுத்த உள்தேர்வில் பதின்மூன்று, அதற்கடுத்ததில் பத்தொன்பது. முதல் பருவத்தில் ஒரு பாடம் அரியர் விழுந்தது. அதற்காக அழவில்லை, அடுத்த பருவத்தோடு சேர்த்து எழுதித் தேறினாள். இப்போது கடைசி பெஞ்சில்தான் கூட்டம். "அக்கா, இதுல எங்க இடிக்குதுன்னு பாரு" என்று நோட்டை நீட்டிக்கொண்டு மகிழினிதான் முதல் ஆளாக வருவாள்.

எடைமேடைக்கு வழக்கமாக வரும் லாரி ஓட்டுநர் வெள்ளத்துரைக்கு மட்டும் விளங்கவேயில்லை. சீட்டுக்குக் காத்திருக்கும்போது அவளுடைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தப் படிச்சு இன்னாக்கா ஆவப் போவுது?" என்று கேட்டார்.

"ஆவறத அப்பறம் பாத்துக்கலாம்ணே. எனக்கு இது புரியுது," என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

இப்போது இரண்டாம் ஆண்டு. அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் ஒரு மணி நேரம் அவள் பேச வேண்டும். தலைப்பை அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் வந்து உட்காரும்படி பாஸ்கலிடமும் சொல்லியாயிற்று. எனக்கு ஏதாவது புரியுமா என்று அவன் கேட்டான். முதல் பத்து நிமிஷத்துக்குத் தான் உத்தரவாதம் என்றாள்.