எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கரைத்த உப்புத்தூள்

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள் நான். உயிர்க்கலத்தைச் சுற்றியிருக்கும் கலமென்சவ்வு என்று தொடங்கினால் வாய் ஓயாது. இரண்டு அடுக்குக் கொழுப்பு, இடையிடையே வாசல் மாதிரிப் புரதங்கள். தண்ணீர் சுலபமாகப் போய்வரும், உப்பும் சீனியும் தங்களுக்கென்று உள்ள வாசலால்தான் போகவேண்டும் என்று கரும்பலகையில் கீறிக் கீறிச் சோக்குத்தூள் விழுங்கியவள். என் ஒரு வயது மகளுக்கு வயிற்றோட்டம் வந்த அன்று அந்தப் படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது.

ஆஸ்பத்திரியில் தந்த உப்புத்தூள் பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பள்ளிமுனையில் எங்கள் தெருக்குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை. வளவுக் கிணற்றில் அள்ளி, கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அளந்து கரைத்தேன். கிருமி செத்துவிடும் என்ற திருப்தி வேறு. மகள் கொடுக்கக் கொடுக்கக் குடித்தாள். குடிக்கக் குடிக்க வயிற்றால் போயிற்று. மத்தியானம் கண்கள் உள்ளே போய்விட்டன. காலையிலிருந்து மூத்திரமும் போகவில்லை. அப்போதும் அதையே கோப்பையில் ஊற்றிப் பருக்கிக்கொண்டிருந்தேன்.

வீடு வீடாகப் பிள்ளைகளை நிறுக்க வரும் மருத்துவிச்சி, எங்களுக்கு மிசி, அந்த நேரம் படலையைத் திறந்தார். நறுவிலிக்குளத்துக்காரி. பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோப்பையில் இருந்ததை ஒரு வாய் குடித்தார். குடித்த வேகத்திலேயே முற்றத்தில் துப்பினார்.

“ரீச்சர், இதை வாயில வைச்சுப் பாத்தனீங்களோ?”

“ஓம் மிசி, பாத்தனான். நல்லாத்தானே இருக்கு?”

“உங்கட நாக்குக்கு நல்லாத்தான் இருக்கும். கிணத்துத் தண்ணியே உப்பு. அதுக்குள்ள பக்கற்றையும் போட்டால்?”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி குடித்தே வளர்ந்த நாக்கு. அதற்கு உப்பென்றே படவில்லை. அளவான உப்பும் சீனியும் சேர்ந்து ஒரே வாசலால் குடலின் கலங்களுக்குள் போனால், பின்னாலேயே தண்ணீரும் போகும். அதற்காகத்தான் அந்தப் பக்கற். குடலில் உப்பு மிஞ்சினால் தண்ணீர் கலத்தைவிட்டு வெளியே வந்துவிடும். பிரசாரணம். நானே கேள்வி போட்டு, நானே புள்ளி குறைக்கிற பாடம்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரை வாயில் வைக்கமுடியாமல், தன் ஊர் நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு லீற்றர் போத்தலில் கொண்டு திரிகிறவர் மிசி. அந்த முழுப் போத்தலிலும் புதுப் பக்கற் ஒன்றைக் கரைத்தார்.

“கரண்டி கரண்டியாப் பருக்குங்கோ. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள சலம் போகாட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவம். நான் இஞ்சதான் இருக்கிறன்.”

மடியில் வைத்துப் பருக்கினேன். மாதாவுக்கு வைக்காத நேர்த்தியில்லை. இரண்டு மணித்தியாலம் முடியுமுன்னே மடி இளஞ்சூடாக நனைந்து, முழங்கால்வரை இறங்கியது.

“மிசி, பிள்ளை மூத்திரம் பெய்திட்டாள்!” என்று கத்தினேன். பக்கத்து வீட்டார் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மிசி சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. சேலை மாற்ற எழும்ப மனமே வரவில்லை.