குணம் அண்ணையின் அறிவித்தலில் விட்ட வரி

சென் தெனி நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது, குணம் அண்ணையின் மகள் பொண்டியிலுள்ள வீட்டிலிருந்து அழைத்தாள். "அப்பா போயிட்டார் மாமா" என்றாள். மிச்சத்தைப் பிரெஞ்சில் அழுதாள். பிறகு, "நோட்டீஸ் நீங்கள்தான் எழுதவேணும்" என்றாள். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் யார் இறந்தாலும் கடைக் கண்ணாடிகளில் ஒட்டும் மரண அறிவித்தலை எழுதுவது என் வேலையாகிப் பல காலமாயிற்று.

சண்டைக்கு முன்பே இலங்கை றக்பி அணியில் வெளிநாடுகளுக்குப் போய் ஆடிய தமிழர் அவர். இராணுவ அணியில் ஆடியதால்தான் அந்த இடம் கிடைத்தது. சண்டை மூண்ட பிறகும் சில காலம் வடக்கில் சோதனைச் சாவடியில் சிப்பாயாக நின்றார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து, என்னோடு ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினார்.

"அண்ணை, ஆமிக் கதையை இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று ஒருநாள் கெஞ்சினேன். கை நிறையச் சவர்க்கார நுரையோடு சிரித்தார். "பந்தை வைச்சிருக்கிறவன் ஒளியேலாது தம்பி. எல்லாரும் அவனிலைதான் வந்து விழுவாங்கள்."

லா சப்பலில் காய்கறிக் கடை வைத்திருக்கும் சிவம் அண்ணையின் தம்பியை ஊரில் ஆமி பிடித்துப் போனது, பையன் திரும்பவேயில்லை. அந்தக் கடைக்கு முதல்முறை போனபோதே குணம் அண்ணை தான் யாரென்று சொல்லிவிட்டார். "வெளியிலை போடா!" என்று சிவம் அண்ணை கத்தினார். அடுத்த கிழமை வானிலிருந்து சாமான் இறக்கும்போது குணம் அண்ணை போய்த் தோள் கொடுத்தார். சரிந்த பெட்டியிலிருந்து விழுந்த பப்பாளிகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். சிவம் அண்ணை துரத்தவில்லை. அதன் பிறகு வான் வரும்போதெல்லாம் குணம் அண்ணை அங்கே நின்றார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "நோட்டீஸிலை றக்பியை மட்டும் போட்டிடாதை. ஆமியையும் போடு. ஒண்டை விட்டா மற்றது பொய்" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன்.

போடவில்லை. சனம் என்ன சொல்லும், கடைக்காரர் ஒட்ட விடுவார்களா, சிவம் அண்ணையின் மனம் என்ன பாடுபடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, றக்பியை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டேன். கடைக் கண்ணாடிக்கு முன்னால் சனம் கூடிநின்று, "எங்கடை ஆள் ஒருத்தன் நாட்டுக்கே விளையாடியிருக்கிறான் பாருங்கோ!" என்று பெருமைப்பட்டது. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குச் செருப்படி.

சிவம் அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். "ஆமியிலை இருந்ததை ஏன் விட்டனீ?"

"உங்களுக்காகத்தான் அண்ணை..."

"என்ரை பேரைச் சொல்லித் தப்பாதை! என்ரை தம்பியைக் கொண்டுபோன கூட்டத்திலை, நான்தான் ஆமியெண்டு என்ரை முகத்தைப் பார்த்துச் சொன்னவன் அவன் ஒருத்தன். செத்த மனிசனைப் பொய்யனாக்கிப்போட்டியே." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

குணம் அண்ணையை அறிந்தவர்களே, விட்ட வரியை இங்கே எழுதுகிறேன்: குணம் அண்ணை இலங்கை இராணுவத்தில் இருந்தார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த வெட்கம் ஒன்றுதான். இதையாவது ஒளிக்காமல் வைத்திருப்பேன்.