குறை ஏதுமில்லாத தவசிமுத்து

பன்னிரண்டு வாரமாக, வியாழக்கிழமை தோறும், தவசிமுத்துவுக்கு ஒரு பெண் போன் செய்துவந்தாள். பெண் என்றால் குரல் மட்டும்தான், மற்றதெல்லாம் கம்ப்யூட்டர். சிறையிலிருந்து விடுதலையானவர்களின் உடல்நலத்தை ஆராயும் ஒரு பல்கலைக்கழகம் அதைப் பேசவைத்திருந்தது. பதில்களைக் கேட்டு, யாருக்கு வைத்தியம் அவசரம் என்று அதுவே பட்டியல் போடும்.

தவசிமுத்து ஒன்பது வருடம் உள்ளே இருந்தவர். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மாடியில் ஒற்றை அறை, இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெட்டும் வேலை. ஊராரின் காயத்தைக் கட்டப் போகிற துணி, தூசியை மட்டும் அவர் நெஞ்சில் விட்டுவிட்டுப் போனது.

சிறையில் காலைதோறும் அதிகாரி வரிசையின் முன் நடந்தபடியே குறை ஏதும் உண்டா என்பார். கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட வேண்டும். உண்டு என்றவர்கள் அதற்குப் பிறகு ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தில், போன் அடித்ததும் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு எழுந்து நிற்பார். தூக்கமின்மை, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதைக் கேட்டாலும் அந்தப் பெண்குரலுக்கு ஒரே பதில்: இல்லைங்கய்யா.

கோர்ட்டில் அவர் சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை. கம்ப்யூட்டரோ அவருடைய பொய்களில் ஒன்றைக்கூடச் சந்தேகிக்கவில்லை.

பன்னிரண்டாவது வாரம், அந்த ஆய்வில் வேலை பார்க்கும் மகாலட்சுமி நேரில் வந்தாள். மதுரை நெஞ்சு டாக்டரிடம் போகிறவர்களின் பட்டியல் அன்று மாலையோடு முடிகிறது. தவசிமுத்து அதில் இல்லை. குறை ஏதுமில்லை என்று கையெழுத்து வாங்கி அவரை ஆய்விலிருந்து விடுவிக்கவே வந்திருந்தாள். வேலை முடிந்து வந்தவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டதை மேலிருந்து பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல இருந்து எத்தன எடத்துல உக்காந்தீங்கண்ணே?"

"மூணு எடம்மா. கோயில் வாசல்ல மட்டும் செத்த நேரம் கூட."

உண்டா இல்லையா என்று கேட்காததால் உண்மை தானாக வந்துவிட்டது. ஆனால் பதிலை அவள் திருத்த முடியாது. அவர் குரலிலேயே பதிவாக வேண்டும் என்பது விதி. கம்ப்யூட்டர் கடைசியாக இன்னொரு முறை அழைக்க ஏற்பாடு செய்தாள்.

"கேட்டு முடிக்கட்டும்ணே. பொறவு உண்டுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

தலையாட்டினார். ஒருமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டார்.

போன் அடித்தது. எழுந்து நின்றார். கைலியை இறக்கினார்.

"வணக்கம். உங்களுக்கு மூச்சுவிடுவதில் சிரமம்..."

"இல்லைங்கய்யா."

மகிழ்ச்சி என்றது குரல், நன்றியும் சொன்னது.

மகாலட்சுமி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவசிமுத்துவுக்கு வருத்தமா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுப் பேனாவுக்குக் கை நீட்டினார்.