எமிலி அக்காவும் திரும்பிப் போகாத கேரியரும்

சிதம்பரத்திலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் எனக்குச் செய்தி சொன்னார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, படியில் நின்றபடியே, "சார், எமிலி அக்கா காலையில தவறிட்டாங்க. தேவராஜ் சொல்லிட்டு வரச் சொன்னாரு" என்றார். மஞ்சள் காமாலை. முந்தின வாரம் போய்ப் பார்த்தபோது கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. "மஞ்ச பூசிக் குளிச்சிருக்கேன்னு நெனச்சிக்கோ" என்று சிரித்தார். அழ வேண்டிய நேரத்தில் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஐயோ, இனிமேல் இந்தச் சபைக்காரர்கள் எல்லாரும் அவரைப் புகழ ஆரம்பித்துவிடுவார்களே!

அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் இளையவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கடலூரில் நம் சபையின் வாலிபர் ஊழியத்துக்கு வந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ரிக்‌ஷா இழுக்கிறவர்கள், முனிசிபாலிடித் துப்புரவுக் குடியிருப்பில் இருப்பவர்கள், இவர்களுடைய பிள்ளைகளிடம் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். வேதபாடம் பிறகுதான். முதல் பாடம், அந்த வீடுகளில் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்பது. "அவுங்க வூட்டுத் தண்ணி உன் தொண்டையில எறங்காம, உன் பிரசங்கம் அவுங்க காதுல ஏறாது" என்பார். இந்தப் பாடத்திலேயே பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். எல்லாருக்கும் திடீரென்று தாகமே எடுக்காமல் போயிற்று.

என்னை அவர் துறைமுகத்துக்கு அனுப்பினார். துண்டுப் பிரசுரக் கட்டோடு போனேன். ஒருத்தனும் சீண்டவில்லை. திரும்பி வந்து, "எனக்கு இந்த வேலை ஒத்து வராதுக்கா" என்றேன். "அவுங்க என்னா பண்ணிக்கிட்டிருந்தாங்க?" என்றார். சடுகுடு என்றேன். "அப்ப நீயும் போயி ஆடு" என்றார். அடுத்த நாள் ஒருத்தன் என் காலை வாரிவிட்டான். முட்டி சிராய்ந்து, சட்டை கிழிந்து, நொண்டிக்கொண்டு வந்து நின்றேன். அக்கா கை தட்டிச் சிரித்தார். "வேண்டாதவன் காலை எவனாவது வாருவானாடா? ஊழியம் ஆரம்பிச்சாச்சு, போ!" அந்த ஒரு வார்த்தையில்தான் நான் இத்தனை வருஷம் இதிலேயே கிடக்கிறேன்.

இனி அந்த அன்பின் விருந்து. பயிற்சி முடியும்போது சபை வளாகத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது நம் வழக்கம். அந்த வருஷம் அக்கா, "பந்தி துப்புரவுக் குடியிருப்புல நடக்கட்டும். அவுங்களே சமைக்கட்டும்" என்றார். அங்கே பிறந்து வளர்ந்த தேவராஜ் அப்போது எங்களோடு பயிற்சி முடித்தவர். குடியிருப்பே சேர்ந்து ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தது. சபைக் கமிட்டிக்காரர்கள் வெள்ளை வேட்டியில் வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டிபன் கேரியர்! ஒருவருக்குச் சுகர். ஒருவருக்கு வயிற்றில் புண். ஒருவருக்கு டாக்டர் காரம் கூடாது என்றுவிட்டாராம். ஒரு கமிட்டி முழுவதற்கும் ஒரே நாளில் பத்தியம். அன்பின் விருந்துக்குச் சொந்தச் சோறு கட்டிக்கொண்டு வருகிற ஜனங்களை உலகத்தில் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

தேவராஜ் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அக்கா மட்டும் முகம் மலர்ந்து முன்னால் போனார். "அடடா, வெறுங்கையோட வரக் கூடாதுன்னு கொழம்பு, பொரியல்லாம் கொண்டாந்திருக்கீங்களே! குடுங்க, குடுங்க" என்று கேரியர்களை வாங்கினார். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அடுக்குகளைப் பிரித்து, பந்தியில் இருந்த பிள்ளைகளின் இலைகளில் பரிமாறிவிட்டார். "குந்துங்க ஐயா. உங்களுக்குத் தேவராஜ் போடுவாரு" என்றார்.

கமிட்டியில் மூத்த மூப்பர் ஒருவர் இருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், என் பேனா நாறும். தேவராஜ் அவருடைய இலையில் முதல் கரண்டிச் சோற்றை வைத்தார். மூப்பர் எழுந்தார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள். அவரவர் கேரியரை அவரவர் தூக்கிக்கொண்டார்கள். மூப்பர் மட்டும் எடுக்கவில்லை. யாரோ ஓடிப் போய் நீட்டியதற்கு, "இங்க பொழங்கின பாத்திரம் எனக்கெதுக்கு?" என்றார். குடியிருப்பே கேட்கும்படி சொன்னார். அவர் இலையில் இருந்த சோற்றைத் தேவராஜின் அம்மா அள்ளிக் கொண்டுபோனதை நான் பார்த்தேன்.

பயிற்சி வகுப்பைக் கமிட்டி மூடியது. காரணம், ஒழுங்கு மீறல். அக்கா ஒரு சண்டையும் போடவில்லை. சிதம்பரம் ரயிலடிப் பக்கம் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, தேவராஜைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்தினார். ஊர் ஊராக ரிக்‌ஷாக்காரர்களிடமும் ஆஸ்டல் பிள்ளைகளிடமும் வேலை செய்கிற எத்தனையோ பேர் அந்த அறையில் உருவானவர்கள். வகுப்புக்குச் சோறு வந்தது மூப்பர் விட்டுப்போன அந்தப் பித்தளைக் கேரியரில்தான்.

அடக்கம் சிதம்பரத்தில் நடந்தது. நினைவுக் கூட்டத்தைக் கடலூர் சபைதான் நடத்துமாம்! மேடையில் வைக்க அக்காவின் சாமான் ஏதாவது வேண்டும் என்று சொன்னார்கள். தேவராஜ் எனக்கு அந்தக் கேரியரைக் கொடுத்தார். புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

மூப்பர் பேசினார். "எமிலியம்மாவைக் கண்டுபிடிச்சவனே நான்தான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூ! பிறகு அறிவித்தார். அக்கா பெயரில் மண்டபம் கட்டப் போகிறார்களாம். "இனிமே பயிற்சி இங்கதான். நல்ல குடும்பத்துப் பிள்ளைங்களாப் பாத்து சேத்துக்குவோம். சிதம்பரத்து ரூமு இனிமே அவசியமில்ல." எல்லாரும் ஆமென் சொன்னார்கள். தேவராஜ் கடைசியில், செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரை ஒரு ஜெபம் செய்யக்கூட யாரும் கூப்பிடவில்லை. அக்காவின் அறையோடு தேவராஜின் ஊழியத்தையும் சேர்த்துப் புதைக்கத்தான் இந்தக் கூட்டம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

நான் எழுந்து மேடைக்குப் போய்க் கேரியரை நீட்டினேன். "ஐயா, இது உங்களோடது. மூடியில உங்க பேரு வெட்டியிருக்கு. அக்கா பத்திரமா வச்சிருந்தாங்க."

மூப்பர் பெயரைப் பார்த்தார். இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின. "அது எதுக்குப்பா இப்ப? அங்க கீழ வையி" என்றார். கண்ணீர் காயாத முகம். கை மட்டும் நீளவில்லை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

செருப்பு விடும் இடத்திலிருந்து தேவராஜ் நேராக மேடைக்கு நடந்து வந்தார். "இப்படிக் குடுங்க சார். சனிக்கிழமை கிளாசுக்குச் சோத்தை வேற எதுல கொண்டு போறது?" என்று வாங்கிக்கொண்டு இறங்கினார். அவர் பின்னால் நானும் போனேன். திரும்பிப் பார்த்தபோது சிதம்பரத்து வகுப்பில் பயிற்சியில் இருந்த பிள்ளைகளும் எழுந்து வந்துகொண்டிருந்தார்கள்.

வகுப்பு நடக்கிறது. மண்டபம் கட்டுகிறவர்கள் கட்டிக்கொள்ளட்டும். சனிக்கிழமைச் சோறு இப்போது என் வீட்டிலிருந்து போவதால் கேரியர் என்னிடம்தான் இருக்கிறது. மூடியில் இருக்கும் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ராவி எடுத்துவிடட்டுமா என்று தேவராஜிடம் கேட்டேன்.

"வேணாம் சார், இருக்கட்டும். என்னிக்காவது பசிச்சா வருவாரு" என்றார்.

எனக்கு இன்னும் அந்த மனசு வரவில்லை. அக்காவிடமிருந்து அது தேவராஜுக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது கேரியர்தான்.