தேசிக்காய்ப் புளியில் ஊறிய நாணயங்கள்

என் நண்பன் நம்பித் தந்த ஒரு பொருளை நான் அழித்தேன். அழித்த பிறகு, சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பறித்துவிட்டார்கள் என்று அவனிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவன் அடைபட்டுக் கிடந்தான். நான் கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டுக்குள் இருந்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் கடந்துவிட்டேன்.

நாங்கள் இருவரும் பழைய ரோம நாணயங்கள் சேர்த்தோம். எனக்குக் காப்புறுதிக் கம்பனியில் வேலை. அவனுக்குத் துறைமுகத்தில், வீடு கொட்டாஞ்சேனை, பூர்வீகம் மன்னார்ப் பக்கம். அந்தக் காலத்து இலங்கை அரசன் ஒருவன் ரோம வணிகனின் பொன் நாணயத்தையும் பாரசீகனின் வெள்ளி நாணயத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, பொன் நாணயத்துக்குரியவனே பெரிய அரசன் என்றானாம். நாணயம் சேர்க்கும் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லி மகிழ்வார்கள். மண்ணில் கிடைப்பதோ சுண்டுவிரல் நகத்தளவு செப்புத் துண்டு. சக்கரவர்த்தியின் முகம் தேய்ந்து கடலைப் பருப்பாகியிருக்கும். அதை லென்சால் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்தான் கெட்டது. போர்க்காலத்தில் அந்தத் துண்டுகளைப் பையில் கொண்டு திரியவும் முடியாது. சோதனைச்சாவடிக்குச் சாவடி இறங்கி நின்று, "பரண சல்லி மாத்தயா" என்று சிங்களத்தில் சொல்ல வேண்டும். பழைய காசாம் என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

என் நண்பனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ரோமின் மேற்குப் பாதி விழுந்த பிறகும், கிழக்குப் பாதியின் தலைநகரான கொன்ஸ்தாந்திநோபிளின் காசு மன்னார்க் கரைக்கு வந்துகொண்டிருந்தது என்பான். மாதம் ஒருமுறை கொள்ளுப்பிட்டியில் ஒரு மேல்மாடியில் நாணயக்காரர்கள் சிலர் கூடுவோம். அங்கே அவன் இதைச் சொல்லும்போதெல்லாம், "சான்று எங்கே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

சான்று அவனுடைய அக்காவின் மன்னார் வீட்டு வளவிலிருந்து வந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கர் வெட்டியபோது மண்வெட்டியில் ஒரு பானை உடைந்ததாம். உள்ளே காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சைக் களிம்பேறி, கைப்பிடியளவு கட்டியாக இருந்தன. இடம்பெயர்ந்து வந்தபோது அக்கா அதைச் சீலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். கொட்டாஞ்சேனையில் அப்போது அடிக்கடி சுற்றிவளைப்பு, வீடுவீடாகத் தேடுதல். அதனால் அவன் அதை என்னிடம் தந்தான்.

"மச்சான், இதில தண்ணிகூடப் படக்கூடாது. ஆராவது படிச்சவன் படமெடுத்து, ஒவ்வொண்டாப் பிரிக்கட்டும். இதுக்குள்ள ஒரு எம் காசு இருந்தால் காணும், நான் வெண்டிட்டன்."

மேற்குப் பாதி விழுந்து ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, ஐந்தாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் கொன்ஸ்தாந்திநோபிளில் செப்புக் காசின் பின்புறத்தில் எம் என்ற பெரிய எழுத்தைப் பொறிக்கத் தொடங்கினார்கள். அது நாற்பது என்ற மதிப்பைக் குறிக்கும். அப்படி ஒன்று தனியாகக் கிடைத்தால் பிரயோசனமில்லை. புறக்கோட்டைச் சந்தையில் எவனிடமோ வாங்கியது என்பார்கள். கட்டிக்குள் மற்றவற்றோடு ஒட்டியபடி இருந்தால் யாரும் வாய்திறக்க முடியாது.

சில வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு மூலையை மட்டும் பார்ப்போம் என்று தேசிக்காய்ப் புளியும், அதாவது எலுமிச்சைச் சாறும், உப்பும் கலந்து எனாமல் கோப்பையில் ஊறவைத்தேன். மூலை திறந்தது, ஒன்றும் தெரியவில்லை. எரிச்சலில் இன்னும் புளி விட்டேன். பிறகு கட்டி முழுவதையும் போட்டேன். சின்னக் காசுகள் உதிர்ந்து பச்சைச் சேறாயின. நடுவிலிருந்து பெரிய காசு ஒன்று வந்தது. துடைத்தேன். எம். அதற்கு மேலே சிறு சிலுவை. குசினியில் தனியாக நின்று கைதட்டினேன். அதன் பிறகுதான் கோப்பையைப் பார்த்தேன்.

சேற்றைக் கழிவுநீர் ஓடும் பீலிக்குள் ஊற்றினேன். காசை ஒளித்துவைத்தேன். அடுத்த முறை அவன் வந்தபோது, காலி வீதியில் செக்பொயின்டில் பறித்துவிட்டார்கள் என்றேன். அந்த நாட்களில் எவரும் சந்தேகிக்க முடியாத பொய் அது. கேட்டவன் பெருமூச்சு விட்டு அடங்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"ஆமிக்காரனுக்கு அது என்னத்துக்கு மச்சான்? மூலையில எறிஞ்சிருப்பான். போய்க் கேட்டால் தருவான்."

"உனக்கென்ன விசரா?" என்றேன். அத்தோடு விட்டிருப்பான் என்று நம்பினேன்.

இரண்டொரு நாளில் மத்தியானம் போல அவன் மனைவி தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணை, அந்தக் கட்டியைக் கேக்கப் போறன் எண்டு விடியப் போனவர். இன்னும் வரேல்ல."

"நான் போகவேண்டாம் எண்டு சொன்னனான் தங்கச்சி" என்றேன். அது மட்டும் உண்மை. அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அவனைப் பிடித்து ஒரு பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய தேவாலயப் பங்குச் சுவாமி நாயாய் அலைந்து வெளியே எடுத்தார். ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. நான் அந்தப் பக்கமே போகவில்லை. வந்த பிறகு அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்: "உன்ர பேரை ஏன் இழுப்பான் எண்டு, என்னட்டத்தான் பறிச்சனீங்கள் எண்டு சொன்னனான். நாங்கள் உன்னைக் கண்டதேயில்லை எண்டாங்கள். அதோட பிடிச்சிட்டாங்கள், பொய்க்காரன் எண்டு."

அப்போதும் நான் வாய்திறக்கவில்லை.

சில வருடம் கழித்துச் சமாதானப் பேச்சுத் தொடங்கிச் சாவடிகளை எடுத்தார்கள். "இப்ப ஆக்கள் நல்லாக் கதைக்கினம். திரும்பப் போய்க் கேக்கப் போறன்" என்றான். இனி மறைக்க முடியாது. எம் காசை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய், புளி ஊற்றியது தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். காசை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்குப் பக்கத்தில என்ன இருந்தது?"

"நடுவில இருந்தது மச்சான்."

"மேல என்ன, கீழ என்ன எண்டு கேக்கிறன்."

"கரைஞ்சு போச்சு."

காசை என் பக்கம் தள்ளினான்.

"நான் கூட்டத்தில எழும்பிச் சொல்லுறன். கட்டிக்குள்ள இருந்ததைக் கண்ணால கண்டவன் நான்தானே" என்றேன்.

"ஓம், நீதான். ஆமி பறிச்சது எண்டு சொன்னதும் நீதான்."

அடுத்த கூட்டத்தில் நான் எழும்பினேன். கட்டி, புளி, பொய், அவன் அடைபட்டது, எதையும் விடவில்லை. காசைக் கையிலிருந்து கைக்கு அனுப்பினேன். அவன் பின்வரிசையில் தலைகுனிந்து இருந்தான்.

தலைவர் வயதான முஸ்லிம் மாணிக்க வியாபாரி, தங்கமான மனிதர். காசைப் பார்த்துவிட்டு அன்பாகச் சொன்னார்: "கூட்டாளிக்காக இவ்வளவு பழியையும் உங்கட தலையில போட்டுக்கிறீங்க. எங்களுக்கு விளங்குது. ஆனா கட்டி இல்லாம இத மட்டும் வச்சு, சான்று கிடைச்சதுண்டு எழுத ஏலாதே."

ஐயோ, நான் சொன்னது அவ்வளவும் உண்மை என்று கத்தினேன். சிலர் பரிதாபமாகச் சிரித்தார்கள். நண்பன் எழுந்தான். "நான் கட்டியைத்தான் கண்டனான். உள்ளுக்குள்ள என்ன இருந்தது எண்டு எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். நான் பின்னால் ஓடிப்போகும்போது கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறியிருந்தான்.

அதன் பிறகு அவன் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. நான் இன்னும் சில மாதம் போனேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் என் தோளைத் தட்டி, இப்படி ஒரு கூட்டாளி கிடைக்க உங்கள் நண்பர் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். பிறகு நானும் நிறுத்திவிட்டேன்.